வெண்துறையில் மூக்குப் பரீட்சை

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவள் நான். சமையலில் ஒருநாளும் தோற்றதில்லை. அப்படிப்பட்ட என்னை நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை தோற்கடித்தது. கண்ணைத் துண்டால் கட்டி, கசக்கிய இலையை மூக்குக்குக் கீழே நீட்டி, “இது என்ன இலை, சொல்லுங்கக்கா” என்றார் கம்பவுண்டர் தேவசகாயம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெந்நீரை மோந்த மாதிரி இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தேன், அப்போதும் அதேதான்.

“கறிவேப்பிலையா?” என்று குருட்டாம்போக்கில் சொன்னேன். அது சரி. அடுத்த மூன்றும் தப்பு.

எங்கள் முகாமில் மூக்குக்கு மாதம் ஒரு பரீட்சை உண்டு. முதல் தடவை தோற்றால் எச்சரிக்கை, அடுத்த தடவையும் தோற்றால் ஊருக்கு விமானம். கூடவே பதிவேட்டில் ‘நுகர்வுக் குறைபாடு’ என்று ஒரு முத்திரை. அந்த முத்திரை விழுந்தவரை அப்புறம் உலகத்தில் எந்த வாயுத் துறைமுகமும் வேலைக்கு எடுக்காது.

வெண்துறை என்பது நாங்கள் வைத்த பெயர். வரைபடத்தில் இருக்கும் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையாது. வடகடலில் பனி உருகிக் கப்பல் பாதை திறந்ததும் கட்டிய துறைமுகம் இது. கிரேன் ஓட்டவும் குழாய் மாட்டவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முப்பத்தோரு பேரைக் கொண்டுவந்தார்கள். என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி கிரேன் ஓட்டுகிறவர். நான் மெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவள், பெயர் செந்தூர்வடிவு. நவம்பர் பாதியில் போகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும். குளிர் மைனஸ் நாற்பது.

கப்பல்களுக்கு இங்கே எரிவாயு நிரப்புவார்கள். கசிந்தால் கூவுவதற்குக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் அந்தக் குளிரில் கருவியே உறைந்துவிடும். அதனால் வாயுவில் மெல்லிசாக ஒரு வாசனையைக் கலந்திருப்பார்கள். கருவி கைவிட்டால் மனுஷ மூக்குதான் காவல். மூக்கு மரத்துப்போகத் தொடங்கினால் முதலில் போவது மெல்லிய வாசனைகளாம், காலுறை நாற்றம் கடைசிவரை இருக்குமாம். அதனால்தான் கம்பெனி பச்சை இலையை வைத்துப் பரீட்சை வைத்தது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, ஓமவல்லி. நாலில் மூன்று சொல்ல வேண்டும்.

இலைக்குப் பஞ்சமில்லை. மெஸ்ஸை ஒட்டி ஒரு செடி அறை. வெளியே பனிப்புயல் அடிக்கும், உள்ளே இடுப்பளவு கறிவேப்பிலைச் செடிகள் தளதளவென்று நிற்கும். எங்களுக்குத் தாளிக்க அனுமதி கிடையாது. எண்ணெய்ப் புகை காற்றுக் குழாய்களுக்கு ஆகாதாம். எல்லாம் பாக்கெட்டில் வரும் சாப்பாடு, சுட வைத்துக் கொடுக்க வேண்டியதுதான். அதில் கிள்ளிப் போடுகிற இலை ஒன்றுதான் நம் கையால் செய்கிற சமையல்.

சூரியன் போன பிறகுதான் வாசனையும் போனது. முதலில் ரசத்தில் என்னவோ குறைகிறது என்றார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பரீட்சையில் தோற்றார்கள். இருட்டும் குளிரும் மூக்கைக் கொல்கின்றன என்று கம்பெனி டாக்டர் திரையில் வந்து விளக்கினார். நம்பாமல் என்ன செய்ய? நாலு பேர் ஊருக்குப் போனார்கள். நாலாவது ஆள் என் வீட்டுக்காரர். இரண்டு பரீட்சையிலும் நாலு கிண்ணத்துக்கும் “தெரியல தம்பி” என்றே சொன்ன புண்ணியவான்.

“சும்மா வாயில வந்தத சொல்லித் தொலைச்சா என்ன?” என்று விமான மேடையில் வைத்துக் கத்தினேன்.

“தெரியலன்னா தெரியலன்னுதானட்டி சொல்லணும். நாளைக்கு நெசமாவே வாயு கசிஞ்சு, எம்மூக்க நம்பி ஒருத்தன் செத்தா?” என்றார். இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன், பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் பார்க்காமல் ஏறிப்போனார்.

ஊருக்குப் போன மூன்றாம் நாளே போன் வந்தது. “வடிவு, மூக்கு வந்துட்டுது! வீட்டுக் கறிவேப்பில கமகமங்குது!” என்று சின்னப்பிள்ளை மாதிரி கூவினார். கம்பவுண்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “சூடான ஊருக்குப் போனா வந்திரும்னுதான் புத்தகத்துலயும் இருக்கு. ஆனா முத்திரைய எடுக்க முடியாதுக்கா” என்றார் அவர். நல்ல மனுஷன்தான், நாகர்கோவில்காரர். யாரையும் கோபித்துப் பேசத் தெரியாது. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது நானும் ஒரு தடவை தோற்றாயிற்று. இரண்டாவது பரீட்சை அடுத்த வெள்ளிக்கிழமை. அதிலும் தோற்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் முத்திரை. ஊரில் போய் என்ன வேலைக்கு நிற்பது?

அந்த வாரம் பார்த்து ஒரு புயல் அடித்தது. காற்றாலை ஒன்றின் சிறகு முறிந்து, மின்சாரம் பாதியானது. செடி அறையைப் பார்க்கும் இன்ஜினீயர் தமயந்தி கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், டிசம்பர் கடைசியில்தான் வேலைக்கு வந்தவள். “வடிவக்கா, ஹீட்டரை நிறுத்துனா செடி செத்துப்போயிருமுங்க. லைட்டைத்தான் தெனமும் பத்து மணி நேரம் நிறுத்தோணும்” என்றாள். ஐந்து நாள் அப்படி நிறுத்தினோம். விளக்கு எப்போது அணையும் என்று தெரியாததால் அந்த ஐந்து நாளும் நான் செடி பக்கமே போகவில்லை, வெறும் பாக்கெட்டைத்தான் சுட வைத்துக் கொடுத்தேன்.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்குச் செடி அறைக் கதவைத் திறந்தேன். திறந்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். வாசனை! கறிவேப்பிலை வாசனை. ஓமவல்லியின் காரம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. கிள்ளிக்கூடப் பார்க்கவில்லை, சும்மா தோள் உரசியதற்கே அந்த மணம். “ஆத்தாடி! முருகா!” என்று கத்திவிட்டேன். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் மூக்கு திரும்பி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அழுது முடித்ததும் சமையல்காரி புத்தி வேலை செய்தது. குளிர்பெட்டியில் புயலுக்கு முந்தின நாள் பறித்த கறிவேப்பிலை இருந்தது. ஓடிப்போய் எடுத்துக் கசக்கி மோந்தேன். ஒன்றும் இல்லை. புதுசைக் கசக்கினேன், கமகமவென்றது. மறுபடி பழசு, மறுபடி புதுசு. பத்து தடவையாவது செய்திருப்பேன். போன வாரம் பறித்த கொத்தமல்லி, அதற்கும் முந்தின புதினா எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். எல்லாம் மக்கு. பறித்த அன்றைக்கே அவை அப்படித்தான் இருந்தன, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் கெட்டது என் மூக்கு இல்லை. இலைதான் கெட்டுக் கிடந்தது.

தமயந்தியைக் கையோடு இழுத்து வந்தேன். அவளும் மோந்து பார்த்தாள். திரையைத் திறந்து எதையோ தேடினாள். அவள் முகம் மாறியது.

“ஏனுங்கக்கா, புயலுக்கு முன்னாடி வரைக்கும் இந்த ரூம்ல நவம்பர்ல இருந்து லைட்டே நிறுத்தலைங்களா?”

“நிறுத்தல. அதுக்கென்ன? எடை கூடிருக்குல்லா? நல்ல விளைச்சல்னு கம்பெனி சர்ட்டிபிகேட்டே குடுத்திருக்கு.”

“எடை கூடுமுங்க. தின்னுட்டே இருந்தா யாருக்குத்தான் கூடாது? செடிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குதுங்கக்கா. இருட்டு வந்தாத்தான் அதுக்குச் சாவி குடுத்த மாதிரி. பகல்ல சாப்பாடு பண்ணி, ராத்திரில அதை எடுத்து வாசனை எண்ணெயாக்கி இலைக்குள்ள சேர்த்து வைக்கும். அதுவும் இது குளிர்ப் பிரதேசத்துக்குன்னு மாத்தி உருவாக்கின ரகம். ராத்திரியே வரலைன்னா வளர்ந்துட்டே போகுமுங்க, மணக்க மறந்துரும்.” அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். “நான் வர்றதுக்கு முன்னாடி யாரோ எழுதிக் கேட்டு மாத்தியிருக்காங்க. இருபத்திநாலு மணி நேர வெளிச்சம்னு.”

கேட்டவர் பெயர் அதில் இருந்தது. பார்க்காமலே எனக்குத் தெரியும். செந்தூர்வடிவு.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், திட்டுகிறவர்கள் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு செடியில் கை வைக்க மாட்டோம். செடி தூங்கும், தூங்குகிறதைப் பறித்தால் பாவம். இங்கே மெஸ்ஸில் மூன்று ஷிப்டு, மூன்று வேளையும் இலை வேண்டும். பாதிச் சாப்பாடு செடி அறையில் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் வரும். இருட்டில் பறிக்க எனக்குக் கை வரவில்லை. பறிக்காமல் விட்டால் அந்த ஷிப்டுக்காரன் வெறும் பாக்கெட்டைத் தின்ன வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். விளக்கை அணைக்கவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இருட்டு வந்தால்தானே பாவம்?

பறித்தால் தூக்கம் கெடும் என்று பயந்தவள், இரண்டு மாதத்துக்கு மேல் அதுகளைத் தூங்கவே விடவில்லை. என் சாமர்த்தியத்தில் தீயை வைக்க! நாலு பேர் பிழைப்பு போனது என்னால். என் புருஷனை விமானம் ஏற்றியதும் நான்தான், அங்கே நின்று அவரைத் திட்டியதும் நான்தான்.

தமயந்தி தாழ்ந்த குரலில் சொன்னாள்: “அக்கா, நான் இனிமே தெனமும் எட்டு மணி நேரம் லைட்டை நிறுத்திடறனுங்க. வெள்ளிக்கெழமை இலை மணக்கும், நீங்க பாஸாயிருவீங்க. யாருக்கும் தெரிய வேண்டாமுங்க.”

ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டால் என் வேலை நிற்கும். ஆனால் அந்த நாலு முத்திரையும் அப்படியே நிற்கும். வாயைத் திறந்தால் முத்திரை அழியும், என் வேலை போகும். அன்று மத்தியானம் ஊருக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“இருக்கியளா?” என்றேன்.

“இருக்கேன்.” பிறகு, “அப்போ எம்மூக்கு ஒருநாளும் போவலையா?” என்றார்.

“போவல. நாந்தான் கெடுத்தேன். வெள்ளிக்கெழம எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்.”

“கிறுக்கச்சி, சும்மா கெட. ஒருத்தராவது அங்க இருக்கணும்லா? நான் இங்க எதையாவது பாத்துக்கிடுதேன். நீ பரீட்சைய முடி.”

எனக்கு வந்ததே கோபம்! “தெரியலன்னு சொல்ல உங்களுக்கு மட்டுந்தான் நெஞ்சுரம் இருக்குன்னு நெனப்போ? நாந்தான் செஞ்சேன்னு சொல்ல எனக்கு இல்லையாக்கும்?” என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மெஸ்ஸில் இருபத்தேழு பேரும் கூடியிருந்தார்கள். கம்பவுண்டர் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்றேன். “பரீட்சைக்கு முந்தி நான் ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு, தூக்கம், பாவம், எழுதிக் கொடுத்த காகிதம், எல்லாம். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிரேன் மேஸ்திரி இசக்கிராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். “ஏ மைனி! ஒங்க பக்தியில எங்க எல்லார் மூக்கையும் அறுத்துட்டீயளே!”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் என்று சொல்ல முடியாது. ஊருக்குப் போன ஒருவனின் தம்பி எழுந்து, “எங்க அண்ணன் வீட்டுல ஒரு மாசமா யார் மொகத்தையும் பாக்காம கெடக்கான்” என்றான். அவன் காலில் விழவும் தயாராக இருந்தேன். “மன்னிச்சிரு தம்பி” என்றேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அது நியாயம்தான்.

“அப்போ நீ எப்படில ரெண்டு மாசமும் பாஸான?” என்று யாரோ இசக்கிராஜைப் பிடித்தார்கள்.

அவன் தலையைச் சொறிந்தான். “கம்பவுண்டர் எப்பவும் ஒரே வரிசையிலதான் கிண்ணத்த நீட்டுவாரு. கறிவேப்பில, மல்லி, புதினா, ஓமவல்லி. நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சேன். நீங்க மட்டும் யோக்கியமால?” ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். பாஸானவர்களில் பாதிப்பேரின் கதை அதுதான். மீதிப்பேர் வரிசை தெரிந்ததால் மணப்பது போலவே நினைத்துக்கொண்டார்களாம். உண்மையைச் சொன்ன நாலு பேர் மட்டும் ஊரில் இருந்தார்கள்.

தமயந்தி வரிசையைக் குலைத்தாள். பழைய மக்கு இலையும் புது இலையும் கலந்து எட்டுக் கிண்ணம் வைத்தாள். ஒவ்வொருவராகக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கம்பெனி டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பழசு வரும்போது “ஒண்ணுமில்ல” என்றார்கள். புதுசு வரும்போது கண்கட்டுக்குள்ளேயே முகம் மலர்ந்தது.

“எலேய், புதினா! புதினாலே!”

“ஓமவல்லி! சளிக்கு எங்கம்மா கசாயம் வைப்பாவல்லா, அதேதான்!”

இருபத்தைந்து பேர் நாலுக்கு நாலு. இசக்கிராஜ் ஓமவல்லி இலையை மோந்த கையோடு வாயில் போட்டு மென்றுவிட்டான். அண்ணனைப் பிரிந்திருந்த அந்தப் பையன் கண்கட்டை அவிழ்க்காமலே அழுதான். டாக்டர் திரையில் மூன்று தடவை தொண்டையைக் கனைத்தார். பிறகு பரீட்சை செல்லாது, நாலு முத்திரையும் ரத்து, நாலு பேரும் அடுத்த விமானத்தில் திரும்பலாம் என்றார். கூரை அதிர ஆரவாரம். யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள். “ஏ சவங்களா, இடுப்பு போயிரும், விடுங்க!” என்று கத்தினேன். என்னை என்ன செய்வது என்பதை மட்டும் கம்பெனி பிறகு சொல்லும் என்றார் டாக்டர். சொல்லட்டும். அன்றைக்கு எனக்கு அது பெரிசாகவே படவில்லை.

கடைசியாக நான் பரீட்சைக்கு வந்தேன். புது இலையாக வேண்டும் என்று ஒரு காலிக் கிண்ணத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, செடி அறைக்குப் போய் ஒரு கொத்து கிள்ளிக்கொண்டு திரும்பினேன். ஆரவாரத்துக்கு நடுவே கம்பவுண்டர் அந்தக் கிண்ணத்தை எடுத்தார். கண்ணை மூடி, ஆழமாக இழுத்தார்.

“ஆகா! கறிவேப்பில! என்ன மணம்!” என்றார்.

கிண்ணத்தில் ஒன்றும் இல்லை.

வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். குனிந்து கிண்ணத்தையும் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் கிண்ணத்தை வாங்கி, கையிலிருந்த இலையை அதில் போட்டேன். “பரீட்சைய முடிங்க தம்பி” என்றேன். நாலுக்கு நாலு சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் மருந்தறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“எப்பருந்து?” என்றேன்.

“ஒம்பது வயசுல ஒரு காய்ச்சல் வந்துதுக்கா. அதுலருந்து ஒண்ணும் தெரியாது. மல்லி எப்படி மணக்கும்னு எனக்கு ஞாபகமே இல்ல.” கையைப் பிசைந்தார். “சொன்னா வேல தர மாட்டாவ. புத்தகத்துல படிச்சேன், மத்தவங்க மொகத்தப் பாத்து சமாளிச்சேன். நான் பரீட்ச வைக்கவன், என்ன யாரு சோதிப்பா?”

“அதாலதான் எல மக்கா இருந்தது ஒங்களுக்கே தெரியல.”

“மூக்கு உள்ளவன் என் இடத்துல இருந்திருந்தா மொத நாளே கண்டுபிடிச்சிருப்பான். நாலு பேருக்கும் மூக்கு போச்சுன்னு எழுதிக் கொடுத்தது மூக்கே இல்லாத நான்.” நிமிர்ந்து பார்த்தார். “டாக்டர்ட்ட சொல்லப் போறீங்களா?”

வாய் வரை வந்த வசவு நின்றுவிட்டது. மூன்று நாளுக்கு முன்னால் செடி அறையில் நின்ற நானும் இப்படித்தான் நடுங்கினேன். “நான் சொல்ல மாட்டேன். நான் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. ஒங்களத நீங்கதான் சொல்லணும்” என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே அவர் எழுதி அனுப்பினார். கம்பெனி ஒரு வாரம் யோசித்தது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், சர்ட்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவரைப் பரீட்சை வேலையிலிருந்தும் வாயுப் பக்கத்திலிருந்தும் நீக்கினார்கள், மருந்தறையில் இருக்கலாம் என்றார்கள். காயத்துக்குக் கட்டுப் போட மூக்கு எதற்கு? இனிமேல் பரீட்சை வைப்பவருக்கு முதலில் பரீட்சை என்று புது விதியும் வந்தது.

ஜனவரி கடைசியில் விமானம் வந்தது. அடிவானத்தில் பூசணிப்பூ நிறத்தில் ஒரு கீற்று, சூரியன் வரப்போகிறது. முகாமே மேடையில் நின்று கூவியது. நாலு பேரும் இறங்கினார்கள். தம்பி ஓடிப்போய் அண்ணனைக் கட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரர் கடைசியாக இறங்கி என் முன்னால் வந்து நின்றார். அத்தனை பேர் பார்க்க என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற தேவசகாயத்தை என் வீட்டுக்காரரே கண்டுபிடித்துப் போனார். இவர் கோபக்காரர், எனக்குத் திக்கென்றது. கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு, “அண்ணாச்சி, எனக்கு மணம் தெரியாது. தெரியும்னு சொல்லி ஒங்கள அனுப்பிட்டேன்” என்றார். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது.

என் வீட்டுக்காரர் அவர் தோளில் கையைப் போட்டு மெஸ் பக்கம் திருப்பினார்.

“தெரியலன்னு மொதத் தடவ சொல்லும்போது அப்படித்தான் வேர்க்கும் தம்பி. ரெண்டாந்தடவ அவ்வளவு இருக்காது” என்றார்.